குண்டு எழுத்தில் ‘வெண்ணெய்’ குழம்புகிறது: போர்டுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி – ஐயம்பேட்டை

தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் அக்காவுக்குப் பலகாரக் கடை போடுகிறோம். ஆடிப்பெருக்கன்று திறப்பு. அசோகாவும் வெண்ணெய் முறுக்கும் அக்கா கைப்பக்குவம். போர்டைப் பார்த்தாலே வீட்டுப் பலகாரம் என்று தோன்ற வேண்டும் என்று, முனை உருண்ட குண்டு எழுத்தாகத் தேடி ‘பலூ தம்பி 2’ எடுத்தேன். இருப்பதிலேயே தடித்த எழுத்து, மஞ்சள் பார்டர்.

ஃபிளக்ஸ் கடைக் கணினியில் அடித்தால் ‘வெ’-யில் வரும் கொம்பு, வ-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. என் லேப்டாப்பில் சரியாக வருகிறது, ஆனால் மாதிரி அச்சைச் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தால் மூன்று சுழி ண, இரண்டு சுழி ன போலத் தெரிகிறது. அம்மா ‘வென்னெய்’ என்றே படித்தார். எழுத்துருவையே மாற்றிவிடவா?

பதில் – கும்பகோணம்

மாற்றாதீர்கள் தம்பி, நல்ல தேர்வு. கூர்முனை இல்லாததால் தடித்திருந்தாலும் அதட்டுவது போல இருக்காது. பலகாரம், குழந்தைத் துணி, பள்ளி விழா எல்லாவற்றுக்கும் பொருந்தும். (கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மட்டும் யாரும் இதைப் போட வேண்டாம், பார்க்கவே மனசு கஷ்டப்படும்.) திறந்த உரிமம் என்பதால் கடை போர்டுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

கோடு தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கும் வெற்றிடம் சுருங்கும். ஆங்கில எழுத்து இதைத் தாங்கிவிடும். நம் ண-வில் சுழிகள் நெருங்கி நிற்பதால் முதலில் அடைபடுவது அதுதான். இதில் ஐந்து தடிமன் இருக்கிறது, நடுவில் உள்ள செமிபோல்டுக்கு இறங்குங்கள். எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள். முக்கியமாகப் பார்டரை எடுங்கள். அது கோட்டின் இருபுறமும் பரவும், பாதி சுழிக்குள்ளே போய்விடும். பார்டர் வேண்டுமென்றால் எழுத்துக்குப் பின்னால் வருமாறு போடச் சொல்லுங்கள்.

போர்டுத் தொழிலில் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்று ஒரு கணக்கு உண்டு. பஸ்ஸில் வருபவர் 100 அடியில் படிக்க வேண்டுமென்றால் 10 அங்குலம்.

பதில் – திருவாரூர்

கொம்புச் சிக்கலுக்கு எழுத்துரு காரணமில்லை. யூனிகோடில், அதாவது கணினிகள் எழுத்துகளைப் பதிந்துவைக்கும் பொது முறையில், ‘வெ’ என்றால் முதலில் வ, அப்புறம் கொம்பு என்றுதான் பதிவாகும். அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை, பழைய பதிப்புகளுக்கு அது தெரியாது. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். அதன்பின் அது வெறும் வடிவம், எங்கே திறந்தாலும் மாறாது. எழுத்தைத் திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

செமிபோல்டு, பார்டர் இல்லை. இப்போது அம்மா தடுமாறாமல் படிக்கிறார். ரொம்ப நன்றி அண்ணே. முகவரி, போன் நம்பருக்கும் இதே எழுத்துதானா?

கும்பகோணம்

வேண்டாம், சின்ன அளவில் திரும்ப அடைத்துக்கொள்ளும். முக்தா மலர் எழுத்துரு போடுங்கள். அதுவும் பலூ செய்த ஏக் டைப் குழுவினருடையதுதான், பக்கத்தில் வைத்தால் ஒட்டும்.