மார்ஷல் கம்பஸின்ட அமெரிக்கன் ஃபுட்போல் டீமைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறீங்களோ?

உவர்மலை அக்கா:
வணக்கம் பிள்ளையள். என்ட தங்கச்சிட மகன் அமெரிக்காவில மேற்கு வேர்ஜினியா, ஹண்டிங்டன் எண்ட ஊரில மார்ஷல் கம்பஸுக்குப் போய் மூண்டு மாசம்தான். நவம்பர் 14 ராத்திரி இங்க மாரி மழை ஊத்திக்கொண்டு கிடக்கு, அவனுக்கு அங்க பகல், வட்சப்பில வீடியோ கோல் எடுத்தான். கம்பஸுக்கு நடுவில ஒரு நீரூற்று, சுத்திவர சனம், ஒவ்வொரு பேரா வாசிக்கினம், முடியிற மாதிரியே இல்லை. கடைசியில தண்ணியை நிப்பாட்டிப்போட்டினம். அந்தச் சத்தம் நிண்ட பிறகுதான் இவ்வளவு நேரமும் பின்னால தண்ணி விழுந்துகொண்டிருந்தது எண்டே எனக்கு விளங்கினது. "ஃபுட்போல் டீம் பெரியம்மா, பிளேன் விழுந்தது" எண்டான், அதோட லைன் போயிட்டுது. நாங்கள் ஏகாம்பரம் கிரவுண்டில பாக்கிற ஃபுட்போல் இல்லை அது எண்டு மட்டும் தெரியும். என்ன நடந்தது? அந்த டீம் இப்பவும் இருக்கோ?

நிலாவெளிப் பொடியன்:
அக்கா, நான் பக்கத்து ஒஹாயோவில எட்டு வருசம் இருந்தனான், அந்த நீரூற்றடியில போய் நிண்டிருக்கிறன், தெரிஞ்சதைச் சொல்றன். 1970 நவம்பர் 14, சனிக்கிழமை. நோர்த் கரோலினாவில ஈஸ்ட் கரோலினா கம்பஸோட மெச், 17க்கு 14 எண்டு மார்ஷல் தோத்துப்போச்சு. அண்டு இரவே பிளேனில திரும்பி வரேக்க மழை, புகார், ஹண்டிங்டன் எயார்போட் ஒரு குன்றுக்கு மேல கிடக்கு, ரன்வேக்கு வர முதலே மரங்களில அடிபட்டு விழுந்திட்டுது. 75 பேர், ஒருத்தரும் தப்பேல்லை. ஏறக்குறைய பாதிப்பேர் விளையாடின பொடியள், மற்றது கோச்மார், பிளேன் ஆக்கள், டீமுக்குப் பின்னால காசு செலவழிச்சுத் திரிஞ்ச ஊர்ப் பெரியாக்கள், டொக்டர்மார், அவையின்ட மனிசிமார். தாய் தகப்பன் ரெண்டு பேரையும் இழந்த பிள்ளையள் 18. ஆறு பொடியளை ஆர் எண்டு அடையாளம் காணவே முடியேல்லை, ஸ்பிறிங் ஹில் எண்ட சவக்காலையில பக்கத்தில பக்கத்தில தாட்டிருக்கு.
ரெட் டோசன் எண்டு ஒரு உதவிக் கோச், அவர் அண்டைக்கு டீமுக்குப் புதுப் பொடியன் பாக்க காரில போனவர், அதால உயிர் தப்பினவர். விசயத்தைக் கார் ரேடியோவிலதான் கேட்டவராம். டீம் இப்பவும் இருக்கு அக்கா, அடுத்த வருசமே திரும்ப விளையாட இறக்கினவை.

பி.டி. சேர்:
தங்கச்சி, நான் பள்ளிக்கூடத்தில விளையாட்டு படிப்பிச்சு ரிட்டயர் ஆன ஆள். தம்பி சொன்னதை வாசிச்சிட்டு ஒண்டு கேக்கவேணும் போல கிடக்கு. இப்பிடி நடந்த பிறகு ஏன் அடுத்த வருசமே திரும்ப இறக்கினவை? 2004 சுனாமியில எங்கட கரையோர டீமில நாலு பொடியள் போயிட்டாங்கள். கோல் கீப்பர்ப் பொடியன்ட பூட்ஸ் என்ட வீட்டு மதிலில காயப்போட்டது காயப்போட்டபடி கிடந்தது, மாசக்கணக்கா நான் அதைக் கையால தொடேல்லை. மிச்சப் பொடியளைக் கிரவுண்டுக்கு வாங்கோ எண்டு கூப்பிட எனக்கு வாய் வரேல்லை.

நிலாவெளிப் பொடியன்:
சேர், அங்கயும் கம்பஸ் டீமை மூடுவம் எண்டு கதைச்சவைதான். காயத்தால அந்த மெச்சுக்குப் போகாமல் நிண்ட நேற் ரஃபின் எண்ட பொடியனும் மிச்சம் இருந்த பொடியளும்தான் விடாமல் நிண்டவங்கள். ஜாக் லெங்கியல் எண்டவர் புதுக் கோச்சா வந்தார். முதலாம் வருசப் பொடியளைப் பெரிய டீமில விடக்கூடாது எண்டு அப்ப சட்டம், மார்ஷலுக்கு அதில விலக்குக் குடுத்தவை. ஆள் காணாமல் எங்கட ஃபுட்போல் மாதிரி சொக்கர் விளையாடின ஒரு பொடியனைக் கொண்டு வந்து கிக் அடிக்க விட்டவை. அதே மாநிலத்து மற்ற கம்பஸின்ட கோச் பொபி போடன் தங்கட ஆட்டமுறை எல்லாத்தையும் திறந்து காட்டிக் குடுத்தவர், போட்டிக்காரர் செய்யிற வேலையில்லை அது.
1971ல முதல் மெச் 29க்கு 6 தோல்வி. அடுத்தது செப்டம்பர் 25, சொந்த கிரவுண்ட், எதிர் சேவியர் எண்ட கம்பஸ். 13க்கு 9 எண்டு பின்னால நிக்கினம். பந்தோட கோட்டைத் தாண்டினா 6 புள்ளி, அதுதான் டச் டவுன். நேரம் முடியிற கடைசி ஆட்டத்தில ரெஜி ஒலிவர் எறிஞ்ச பந்தை டெரி கார்ட்னர் வாங்கி 13 யார் தூரம் ஓடிக் கோட்டுக்கு அங்கால போயிட்டான், 15க்கு 13! சனம் கிரவுண்டை விட்டுப் போகவேயில்லை, அதுக்குள்ளயே நிண்டு அழுதுகொண்டிருந்ததாம். அந்த வருசம் முழுக்க ரெண்டே ரெண்டு மெச்தான் வெண்டது, எட்டுத் தோல்வி. டோசன் அந்த ஒரு வருசம் நிண்டிட்டு விலகிட்டார், அவராலயும் ஏலேல்லை சேர்.

உப்புவெளி மச்சான்:
அண்ணை பிறகு என்ன, இப்பவும் தோல்விதானோ?

நிலாவெளிப் பொடியன்:
இல்லையடா. தோல்வியைவிடக் கூட மெச் வெண்ட வருசம் வர 1984 ஆச்சு. 1992ல ரெண்டாம் தரப் பிரிவில தேசியச் சம்பியன், 1996ல 15 மெச்சில 15ம் வெண்டு திரும்பச் சம்பியன், பிறகு மேல் பிரிவுக்கு ஏறி 1999ல 13 மெச்சில 13ம் வெற்றி. சரியா 50 வருசத்துக்குப் பிறகு 2020 நவம்பர் 14 அண்டும் மெச் வைச்சு வெண்டவை. ஆனா எனக்கு அந்த 15க்கு 13தான் பெரிசு.

பி.டி. சேர்:
டோசன் விலகினது விளங்குது. நான் பதினாலு மாசத்துக்குப் பிறகுதான் விசில் எடுத்தனான். அண்டைக்கு ஏழு பொடியள்தான் வந்தவங்கள். கீப்பர்ப் பொடியன்ட தாய் ஒரு கேன் நிறைய தேசிக்காய்த் தண்ணி கரைச்சுக்கொண்டு வந்து கிரவுண்ட் ஓரத்தில குந்தியிருந்தவ. நான் கூப்பிடேல்லை, ஆர் சொன்னதோ தெரியாது.

உவர்மலை அக்கா:
சேர், தம்பி, வாசிச்சிட்டுக் கனநேரம் அப்பிடியே இருந்திட்டன். இண்டைக்குப் பெறாமகன் திரும்ப எடுத்தவன், தண்ணி வின்ரர் முடியும்வரைக்கும் திறக்கமாட்டினமாம், காஞ்சபடிதான் கிடக்குமாம். திறக்கிற அண்டைக்கு எனக்குக் கோல் எடு, எத்தினை மணியெண்டாலும் பரவாயில்லை, சத்தம் கேக்கிற மாதிரி ஃபோனைப் பிடி எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.