புதுப்பிப்பு: நிலாவெளி விடுதிப் பக்கம் தேடலில் வராதது பற்றி

நிலாவெளியில் மைத்துனர் நடத்தும் விடுதியின் பக்கம், பெயரைத் தட்டினால் மட்டும் கூகுளில் வருகிறது, "கடற்கரைக்கு அருகே குடும்பத்துடன் தங்க" என்று தேடினால் வருவதில்லை என முன்னர் எழுதியிருந்தேன். வாடகை, அறை வசதி, புறாத்தீவுப் படகு விபரம் யாவும் ஒரே விளம்பரப் படத்துக்குள் கிடந்தமையே முதற்காரணம்; படத்துக்குள் உள்ள எழுத்தைத் தேடுபொறி பக்கத்தின் எழுத்தைப் போல நம்பகமாக வாசிப்பதில்லை. அவற்றை எழுத்தாக்கினோம்.

2019 இல் கூகுள் தேடலில் சேர்க்கப்பட்ட பெர்ட் (BERT) என்ற மொழியறி கணினி நிரல், ஒரு சொல்லை அதன் முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு சேர்த்தே பொருள்கொள்வதால், வெறுமனே சொற்களை அடுக்குவதைவிட "அறையிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம்" என்ற முழு வாக்கியமே பொருத்தமானது. இங்கு பலர் பரிந்துரைத்த ஸ்கீமா (schema.org) குறியீட்டையும் பக்கத்தின் நிரலில் இட்டோம். அது (2011 இல் கூகுள், பிங், யாகூ கூட்டாகத் தொடங்கியது) தரவரிசையைத் தானாக உயர்த்திவிடாது, இது விடுதி, இது முகவரி என்று தேடுபொறிக்குத் தெளிவாக்கும், அவ்வளவே. இப்போது அந்தத் தேடலில் இரண்டாம் பக்கத்தில் வருகிறது. சிங்களப் பக்கம் இன்னும் பாக்கி.