இம்மொபிலைசேஷன்: ‘உயிர்க்கட்டு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். காட்டு மண்ணில் கார்பனும் நைட்ரஜனும் சுழலும் விதம் பற்றி எழுதிவரும் நூலில் ஒரே ஒரு சொல் என்னை மூன்று வாரமாக நகரவிடவில்லை. மண்ணியலார் ஆங்கிலத்தில் ‘இம்மொபிலைசேஷன்’ (அசையாமல் ஆக்குதல்) என்கிறார்களே, அதுதான். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று உங்களிடம் கேட்டிருந்தேன். கேட்டவுடன் யோசித்துப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அந்தப் பரிந்துரைகளை எடுத்துக்கொள்ளும் முன், அந்தச் சொல் குறிக்கும் நிகழ்வை ஒருமுறை விளக்கிவிடுகிறேன். நிகழ்வு தெளிந்தால் பாதிச் சொற்கள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

காட்டில் உதிரும் சருகில் கார்பன் மிகுதி, நைட்ரஜன் சொற்பம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஐம்பது, அறுபது பங்கு கார்பன் இருப்பது சாதாரணம். மரக்கட்டையில் அது பல நூறு பங்கு. அதை உண்ணும் பாக்டீரியா, பூஞ்சைகளின் உடலிலோ ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சராசரியாக எட்டுப் பங்கு கார்பன்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்ட கார்பனில் மூன்றில் ஒரு பங்கு உடலாகிறது, மற்றது மூச்சில் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 பங்கு உண்டால் 8 பங்கு உடலில் சேரும். 16 பங்கு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். அந்த 8 பங்குக்கு ஒரு பங்கு நைட்ரஜன் தேவை. எனவே உணவில் 24க்கு 1 என்று இருந்தால் வரவும் செலவும் சரியாகிவிடும். 60க்கு 1 உள்ள சருகாக இருந்தால்? 20 பங்கு கார்பன் உடலாகும், அதற்கு இரண்டரைப் பங்கு நைட்ரஜன் வேண்டும், சருகு தருவதோ ஒன்று. பற்றாத ஒன்றரைப் பங்கை நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நீரிலிருந்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் இழுத்துக்கொள்கின்றன. வேருக்குப் போகவேண்டியது நுண்ணுயிரின் புரதமாகிவிடுகிறது.

இந்த இழுப்புக்குத்தான் பெயர் தேடுகிறோம். நுண்ணுயிர் இறந்தாலோ, வேறொரு உயிர் அதை மேய்ந்தாலோ, சருகின் கார்பன் தீர்ந்து அதன் பசி வேறுவிதமானாலோ அந்த நைட்ரஜன் அம்மோனியமாகத் திரும்பி வருகிறது. அந்தத் திரும்பி வருதலுக்குக் ‘கனிமமாதல்’ என்ற நல்ல சொல் பாடநூல்களிலேயே நிலைத்துவிட்டது. இணைச்சொல்தான் இல்லை.

> ‘நைட்ரஜன் நிலைப்படுத்தல்’ என்றே எழுதலாமே, படித்தவுடன் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். காற்றில் 78 விழுக்காடாக உள்ள நைட்ரஜனைப் பாக்டீரியா அம்மோனியாவாக்குவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிலைநிறுத்தம் என்றும் நிலைப்படுத்தல் என்றும் ஏற்கெனவே சொல்லிவருகின்றன. இலங்கை நூல்களில் அது நைதரசன் பதித்தல். அந்த வினையால் காட்டுக்குள் புது நைட்ரஜன் வருகிறது. நாம் பேசும் வினையிலோ உள்ளே இருப்பது இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஒன்று வரவு, மற்றொன்று கைமாற்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவர் தேர்வுத்தாளில் மட்டுமா குழம்புவார்? வயலுக்குப் போயும் குழம்புவார்.

> ‘அசையாமையாக்கம்’ மூலச்சொல்லுக்கு நேர். நாமாக ஏன் பொருளை மாற்றவேண்டும்?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் மூலச்சொல்லே இங்கே பிழைபட்டிருக்கிறது என்பதே என் விடை. சருகு மட்குவதை அளக்க ஒரு பழைய, எளிய முறை இருக்கிறது. உலர்த்தி எடைபோட்ட சருகைக் கைக்குட்டை அளவு நைலான் வலைப்பையில் இட்டுத் தைத்து, காட்டுத் தரையில் வைத்துவிட்டு வருவார்கள். சில மாதம் கழித்துப் பையைத் தூக்கினால் அடிப்பக்கம் வெள்ளை நூலாகப் பூஞ்சை இழைகள் ஒட்டிக்கொண்டு வரும். மண்ணைத் தட்டி, உலர்த்தி, எடைபோட்டால் சருகு குறைந்திருக்கும். பையிலுள்ள மொத்த நைட்ரஜனை அளந்தாலோ, பல சமயம் வைத்தபோது இருந்ததைவிடக் கூடியிருக்கும். எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கீழே மண்ணிலிருந்து, அந்த வெள்ளை நூல்களுக்குள் பயணம் செய்து. அதாவது அசையாதது என்று நாம் பெயர் சூட்டப் பார்க்கும் நைட்ரஜன், பூஞ்சையின் உடலுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘அசையா’ என்றதும் தமிழ்க் காதுக்கு வீடும் நிலமும்தான் நினைவுக்கு வரும். மூலமொழியின் பிழையைச் சுமந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை.

> வேளாண் கையேடுகளுக்கு ‘முடக்கம்’ போதும். தழைச்சத்து (நைட்ரஜன்) முடங்கிப்போகிறது என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை இது. மனமில்லாமல்தான் மறுக்கிறேன். மட்காத வைக்கோலை உழுதுவிட்டுப் பயிர் வெளுத்துப்போவதைப் பார்த்தவருக்கு அது முடக்கம்தான். காட்டின் பக்கம் நின்று பார்த்தால் கதை மாறுகிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் காட்டின் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் 1965-66 குளிர்காலத்தில் மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்து, மீண்டும் தழைக்காதபடி களைக்கொல்லி தெளித்தார்கள். ஓடைநீரில் நைட்ரேட் முதல் ஆண்டிலேயே 40 மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் குழுவினர் 1970இல் இதை வெளியிட்டார்கள். வேர்கள் வாங்குவது நின்றதும் மண்ணின் நைட்ரஜன் நீரோடு போய்விட்டது.

ஆனால் வெட்டப்பட்ட எல்லாக் காடும் அப்படி இழப்பதில்லை. ஏன்? பீட்டர் விட்டூசெக்கும் பமேலா மாட்சனும் வட கரோலினாவில் ஒரு லாப்லாலி பைன் தோட்டத்தில் ஆராய்ந்து 1984இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். வெட்டியபின் மிஞ்சிய கிளை, சருகு, வேர்க்குப்பையை உண்ட நுண்ணுயிர்கள் நைட்ரஜனைத் தம் உடலில் வாங்கி வைத்துக்கொண்டதே அங்கு இழப்பைத் தடுத்த முதன்மைக் காரணம் என்று கண்டார்கள். மரமில்லாத காலத்தில் காட்டின் சொத்தைக் காத்தது அதுதான். அதைப் போய் முடக்கம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கலைச்சொல் ஒரு பக்கத்து வழக்கறிஞராக இருக்கக்கூடாது.

(மேலே ‘வேர்க்குப்பை’ என்று எழுதிவிட்டேன், ‘வேர்ச்சிதைவு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். காட்டுத் தரையில் குப்பை என்று எதுவும் இல்லை. சருகு என்ற அருமையான சொல் இருக்க, ‘காட்டுக் குப்பை’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.)

இனி என் பக்கம். நைட்ரஜன் எங்கே இருக்கிறது என்பதையும், அது என்றென்றைக்கும் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லும் பெயர் வேண்டும். முதலில் ‘உயிர்ப்பிணைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். பிணைப்பு வேதியியலில் அணுக்களுக்கு இடையிலானதாகிவிட்டது. இங்கே கொண்டுவந்தால் மோதும். பிறகு ‘உயிர்த்தளை’. இரண்டு நாள் அதை விட்டுப் பிரிய மனமில்லை. பூ விரிவதைத் தளையவிழ்தல் என்று பழம்பாடல்கள் சொல்லும். கட்டுவதும் அவிழ்வதும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. ஆனால் உரக்கப் படித்தபோது உடைந்தது. தழைச்சத்துத் தளைப்படுகிறது. ழகரமும் ளகரமும் மயங்கும் நம் வகுப்பறைகளில் இந்த வாக்கியம் பிழைக்காது.

அப்படித்தான் ‘உயிர்க்கட்டு’க்கு வந்து சேர்ந்தேன். உயிரால், உயிருக்குள் கட்டுண்டிருத்தல். நைட்ரஜன் உயிர்க்கட்டு அடைகிறது, உயிர்க்கட்டுண்ட நைட்ரஜன், கட்டு அவிழ்கிறது. அளவைச் சொல்லும்போது மொத்த உயிர்க்கட்டு, நிகர உயிர்க்கட்டு. பாஸ்பரசுக்கும் கந்தகத்துக்கும் இதே நிகழ்வு உண்டு, அங்கும் பொருந்தும்.

இந்தச் சொல் எனக்கு உறுதிப்பட்டது ஆய்வுக்கூடத்தில். நுண்ணுயிர்களுக்குள் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று அறிய, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த ஈரமண்ணை இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதியைக் காற்றுப்புகாக் கண்ணாடிக் கலத்தில் குளோரோஃபார்ம் ஆவியில் 24 மணிநேரம் வைப்போம். செல்லுறைகள் கிழிந்து உயிர்கள் இறந்துவிடும். பிறகு இரண்டு பாதியையும் பொட்டாசியம் சல்ஃபேட் கரைசலில் குலுக்கி வடிகட்டி, நைட்ரஜனை அளப்போம். ஆவி பட்ட மண்ணில் கூடுதலாக வருவதே உயிருக்குள் இருந்தது. முழுவதும் கரைந்து வராது என்பதால் அதை 0.54ஆல் வகுப்பது வழக்கம். கட்டை அவிழ்த்துத்தான் கட்டியிருந்ததை அளக்கிறோம். வடிதாளிலிருந்து துளி துளியாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறு சொல் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

> உயிர் இல்லாமலும் மண்ணில் நைட்ரஜன் பிடிபடுகிறதே. அதற்கு உங்கள் சொல் உதவாதே?

உதவாதுதான். அதை நான் நிறையாகவே பார்க்கிறேன். சிலவகைக் களிமண் கனிமங்களின் தாள்தாளான அடுக்குகளுக்கு நடுவே அம்மோனியம் அயனி போய்ச் சிக்கிக்கொள்கிறது. ஆங்கில நூல்கள் இதையும் காற்று நைட்ரஜனுக்குச் சொல்லும் அதே ‘ஃபிக்சேஷன்’ என்ற சொல்லால் குறிப்பது பழைய குழப்பம். நாம் இதைக் ‘களிக்கட்டு’ எனலாம். மட்கின் சேர்மங்களோடு உயிரின் துணையின்றி நைட்ரஜன் சேர்வதை ‘மட்குக்கட்டு’ எனலாம். கட்டுவது யார் என்பது முன்னொட்டிலேயே தெரிந்துவிடும்.

‘உடற்கட்டு’ என்பதுபோல ஒலிக்கிறது, உயிரின் வடிவமைப்பு என்று எண்ணிவிடுவார்கள் என்று ஒரு அம்மையார் எழுதியிருந்தார். தனிச்சொல்லாகப் பார்த்தால் அந்த ஐயம் நியாயமானது. அதனால் ஓர் இயலில் முதல்முறை வரும்போது ‘நைட்ரஜன் உயிர்க்கட்டு’ என்று முழுமையாக எழுதி, அதன்பின் சுருக்கலாம் என்று நினைக்கிறேன்.

சொல்லடைவுக்கு நான் எழுதிவைத்திருக்கும் வரையறை இது:

உயிர்க்கட்டு: மண்ணிலுள்ள அம்மோனியம், நைட்ரேட் போன்ற கனிம ஊட்டங்களை நுண்ணுயிர்கள் எடுத்துத் தம் உடற்பொருளாக்குவதால், அவை வேர்களுக்குத் தற்காலிகமாகக் கிடைக்காத நிலை. எதிர்: கனிமமாதல்.

‘தற்காலிகமாக’ என்ற இடம் எனக்கு நிறைவாக இல்லை. சில நாளிலும் அவிழும், சில ஆண்டும் ஆகும். அதற்கு மேலான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். நான்காம் இயல் அச்சுப்படி இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

அன்புடன்