முதல் குண்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்: விசை அனுபவங்கள்

லிந்தாங் ரோடு:

சி.ஸெட். 75 பி கைத்துப்பாக்கி. அந்த இரண்டாவது குண்டைப் பற்றித்தான் கேட்க வேண்டும். முதல் குண்டு, ஒரே இழுப்பில் சுத்தியலைத் தூக்கி விழவைக்கிற டபுள் ஆக்‌ஷன். சுத்தியல் கீழே, விசை நன்றாக முன்னால், இழுக்க இழுக்கச் சுத்தியல் பின்னால் எழும்புவது கண்ணுக்கே தெரியும். நாலரை கிலோவுக்குக் குறையாது. குண்டு தாளில் இடப்பக்கம் கீழே. அது எதிர்பார்த்ததுதான், வலக்கைக்காரர் கனமான விசையைப் பிடுங்கினால் அங்கேதான் போகும்.

இரண்டாவது? முன்குறி இன்னும் இறங்கவே இல்லை, குண்டு போய்விட்டது. தாளின் மேல் ஓரம். விரல் இன்னொரு நீள இழுப்புக்குத் தயாராக நின்றது. விசையோ ஏற்கெனவே பாதி வழி பின்னால் வந்து உட்கார்ந்திருந்தது, இரண்டு கிலோவிலேயே விட்டுக்கொடுத்துவிட்டது. எடை தெரியும், பாகங்கள் தெரியும், ஆனாலும் விரல் ஏமாறுகிறது. இதே இடத்தில் மாட்டியவர்கள் எழுதுங்கள். இழுப்பு மாறாத குளோக் துப்பாக்கிக்கு மாறு என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

மூணாம் டிவிஷன்:

தம்பி, சி.ஸெட்டில் இரண்டே நிலைதான். வால்தர் பி99 ஏ.எஸ்.ஸில் மூன்று. ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடுகிற பாகம்) இழுத்துக் குண்டு ஏற்றியதும் ஸ்ட்ரைக்கர் (சுத்தியலுக்குப் பதிலாக உள்ளிருந்து குண்டை அடிக்கிற கம்பி) கொண்டி ஏறிவிடும், ஆனால் விசை முன்னாலேயே நிற்கும். பார்த்தால் டபுள் ஆக்‌ஷன் மாதிரிதான் இருக்கும். தூரம் சுமார் 14 மில்லிமீட்டர், எடை மட்டும், ஏற்கெனவே கொண்டி ஏறி நிற்கிற சிங்கிள் ஆக்‌ஷன் எடை, இரண்டு கிலோவை ஒட்டி. ஸ்லைடின் மேலே இருக்கிற பொத்தானை அழுத்தி இறக்கினால்தான் உண்மையான டபுள்: அதே 14, நாலு கிலோ. சுட்ட பிறகு விசை பின்னால் நின்றுவிடும், மிச்சம் 8 மில்லிமீட்டர்தான்.

உறுத்துகிற கணம் முதலில் சொன்ன நிலையில்தான் இருக்கிறது. முன்னால் நிற்கிற விசையைப் பார்த்ததும் கனமாக இருக்கும் என்று விரல் முறுக்கேறுகிறது. இழுத்தால் எதிர்ப்பே இல்லை. நிறைந்த பால் வாளி என்று நினைத்துக் காலி வாளியைத் தூக்கினால் கை எப்படித் துள்ளும், அப்படித் துப்பாக்கி துள்ளும். ஸ்லைடின் பின்பக்க ஓட்டையைப் பாருங்கள். அங்கே சிவப்பு தெரிந்து விசையும் முன்னால் இருந்தால் லேசு. விசை முன்னால், சிவப்பு இல்லை என்றால் கனம். உறையிலிருந்து எடுக்கும்போது இதைப் பார்க்க நேரம் கிடையாது, உறைக்குள் வைக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயிரம் கிராம்:

நாலரை கிலோ, இரண்டு கிலோ, நாலு கிலோ. எதை வைத்து, விசையின் எந்த இடத்தில் அளந்தது? அதைச் சொல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஒப்பிடவே முடியாது. சி.ஸெட்., குளோக், வால்தர் எல்லாவற்றிலும் விசை மேலே ஓர் ஊசியில் தொங்கி ஆடுகிறது. நுனியில் கொக்கியை மாட்டினால் நெம்புகோல் நீளம் கூடும், எண் குறையும். வளைவுக்குள் மேலே மாட்டினால் எண் ஏறும். 1911 வகைத் துப்பாக்கியில் மட்டும் விசை நேராகப் பின்னால் சறுக்குகிறது. அதில் மேலே மாட்டினாலும் கீழே மாட்டினாலும் ஏறக்குறைய ஒரே எண். அதனால் ஒரு குளோக்கும் ஒரு 1911-உம் தராசில் ஒரே எடை காட்டினாலும் விரலுக்கு ஒன்றாக இருக்காது. விரல் எந்த உயரத்தில் உட்காருகிறதோ அதுதான் உண்மையான எடை.

இங்கே பலரும் அலட்சியமாக விடுகிற காட்சி ஒன்று. 25 மீட்டர் .22 பிஸ்டலுக்குச் சர்வதேச விதி குறைந்தது 1000 கிராம், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு 500. போட்டிக்கான எடைச் சோதனையில் குழலைச் செங்குத்தாக நிறுத்தி, எடைக்கட்டியை விசையில் தொங்கவிட்டு, மேசையை விட்டு எழுப்ப வேண்டும். மூன்று வாய்ப்புதான். கட்டி எழும்புகிறது, அரை விநாடி தொங்குகிறது, ‘டக்’, விசை விட்டுக்கொடுத்துவிட்டது. வீட்டில் ஆயிரம் சரியாக இருந்த துப்பாக்கிதான். என்ன ஆயிற்று? வெடுக்கென்று தூக்கினால் கட்டியின் எடையோடு அந்த வேகமும் சேர்ந்து இழுக்கும். நிலையாகத் தொங்கினால் ஆயிரம், உதறித் தூக்கினால் அதற்கு மேல். அதனால் திருகைச் சரியாக ஆயிரத்தில் நிறுத்தாமல் 20, 30 கிராம் கூடவே வையுங்கள், பதறாமல் தூக்குங்கள். அந்தக் கூடுதல் எடையின் பெரும்பங்கை இழுப்பின் முதல் கட்டத்துக்குக் கொடுத்தால், விசை விடுபடுகிற கடைசி முறிவில் வித்தியாசமே தெரியாது.

லிந்தாங் ரோடு:

அக்கா, ஸ்பிரிங் தராசு, வளைவின் நடுவில், ஐந்து முறை இழுத்துச் சராசரி. எண் கொஞ்சம் தப்பாகவே இருக்கட்டும். இரண்டு இழுப்புக்கும் நடுவில் பாதிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதே, கேள்வி அதைப் பற்றித்தான்.

பழைய பங்களா:

எடையும் இல்லை, தூரமும் இல்லை. பிரௌனிங் ஹை-பவர் விசையை ஒரு முறை தொட்டவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று இருப்பது தெரியும்: உரசல். 1935-இல் வந்த வடிவம், இரண்டாம் உலகப் போரில் கனடாவிலும் செய்தார்கள். அந்தப் போர் முடிந்து 1948-இல் மலாயாவில் இந்தச் சுங்கை சிப்புட் பக்கமே கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின் நெருக்கடிக் காலம் தொடங்கி, தோட்டத் துரைமார் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு மரம் பார்க்கப் போன கதை வீட்டுக்கு வீடு உண்டு. அதை விடுங்கள், விசைக்கு வருவோம்.

ஹை-பவரில் மேகஸின் (குண்டு அடுக்கிச் செருகுகிற பெட்டி) இல்லாமல் சுத்தியல் விழாது. அதற்காக விசையின் பின்னால் ஒரு சிறு முளை ஸ்பிரிங்கோடு நின்று மேகஸினின் முன்முகத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். விசை நகரும்போதெல்லாம் முளை அந்தத் தகட்டில் தேயும். துருப்பிடித்த சைக்கிள் பிரேக் கம்பியை இழுக்கிற உணர்ச்சிதான். ஒரே துப்பாக்கி, மேகஸின் அ-வைப் போட்டால் மணல், மேகஸின் ஆ-வைப் போட்டால் வழுவழுப்பு. துப்பாக்கியைக் கழற்றித் தேடினால் ஒன்றும் கிடைக்காது, குறை மேகஸினின் முன்முகத்தில் இருக்கிறது. அந்த இடத்தைத் துடைத்து, பள்ளம், சிராய்ப்பு உண்டா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். இதற்கு மேல், சுத்தியலைப் பிடித்து வைக்கிற சியர் கொக்கிக்கு விசையின் அசைவு ஸ்லைடுக்குள் இருக்கிற ஒரு நெம்புகோல் வழியாகச் சுற்றிப் போகிறது, அதனால் முறிவே சற்றுக் கொழகொழப்புதான். அது பிறவிக்குணம், மேகஸினைக் குறை சொல்லக் கூடாது.

வெயில் மழை:

குளோக் 17, விசை சேற்றில் இழுக்கிற மாதிரி. இழுப்பு கனக்கத் தொடங்குகிற முட்டு இடம் எங்கே என்றே தெரியவில்லை. ஸ்ட்ரைக்கர் குழிக்குள் எண்ணெய் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம்.

இதைப் படிக்கிற எல்லாரும் இன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் மேகஸினைக் கழற்று, ஸ்லைடை இழுத்து அறையைக் கண்ணாலும் பார், விரலாலும் தொட்டுப் பார். குண்டுப் பெட்டி அடுத்த அறையில் இருக்கட்டும். குளோக்கின் ஸ்ட்ரைக்கர் குழி உலர்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் விட்டால் பித்தளைத் தூளும் கரியும் அதில் ஒட்டிப் பசையாகும், ஸ்ட்ரைக்கர் வேகம் குறையும், குண்டின் அடியில் தீப்பற்ற வைக்கிற பிரைமரில் அடி லேசாக விழும். எண்ணெய் வேண்டிய இடம் வேறு: விசைத் தண்டின் பின்மூலை கனெக்டர் என்ற தகட்டைத் தொடுகிற முனையில் ஒரே ஒரு துளி. அந்த ஒரு துளி காய்ந்தால் விசை கிறீச்சிடும், பிடிக்கும். பிறகு நாலு தண்டவாளத்திலும் தடவல். இவ்வளவு போதும், சாம்பார் தாளிக்கிற மாதிரி ஊற்ற வேண்டாம்.

நம் ஊரில் காலையில் பனி, மத்தியானம் வெயில், நாலு மணிக்கு மழை. தோல் உறைக்குள்ளேயே துப்பாக்கியை வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், உறைப்பக்க இரும்பு முதலில் செம்பழுப்பாகும். பூட்டுப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் மணிகள், நிறம் மாறினால் மாற்றுங்கள். வியர்வைக் கை பட்ட சுத்தியல், விசைப் பின் தலைகள், இவற்றை அன்றைக்கே துடையுங்கள். ஒரு வாரம் விட்டால் ஊசியில் துரு, துருவில் உரசல், உரசலைப் பார்த்து ஸ்பிரிங்கை மாற்று என்று யாராவது யோசனை சொல்வார்கள்.

லேசான சுத்தியல் ஸ்பிரிங் போட்டால் டபுள் ஆக்‌ஷன் இனிக்கும், உண்மைதான். ஆனால் கெட்டியான பிரைமர் உள்ள குண்டு கிடைத்த நாளில் ‘கிளிக்’ மட்டும்தான் கேட்கும். அப்படிக் கேட்டால் குழலை இலக்குப் பக்கமே நிறுத்தி 30 விநாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கிற குண்டும் உண்டு. சியர் கொக்கியை வீட்டில் அரம் போட்டுத் தேய்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேல்தோல் கடினம் போய்விட்டால் கொக்கி மழுங்கும், ஸ்லைடு மூடும்போது சுத்தியல் கூடவே விழும். 1960-ஆம் ஆண்டு மலேசிய ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கவும் உரிமம் உள்ளவர்தான் வேண்டும், அவரிடமே கொடுங்கள்.

குண்டில்லாமல் வெறும் விசை பழகுகிறவர்கள் .22-இல் டம்மி (வெடிக்காத போலிக் குண்டு) இல்லாமல் இழுக்காதீர்கள். குண்டை அடிக்கிற ஊசி அறையின் விளிம்பில் அடித்துப் பள்ளம் போடும். சி.ஸெட். 75 பி-யிலும் டம்மி போடுங்கள், அந்த அடி ஊசியைப் பிடித்து வைக்கிற சுருள்பின் வெறும் அடியில் உடையும் என்று பேர் எடுத்தது. முன்குறி மேல் ஒரு சில்லறைக் காசை வைத்து, காசு விழாமல் பத்து இழுப்பு...

கடைசி வரிசை:

அண்ணே, நல்ல விஷயங்கள்தான், ஆனால் தம்பி கேட்டது எண்ணெய் இல்லையே. விசை சுத்தமாக இருந்தாலும் இந்தத் தவறு வரும். சி.ஸெட்டில் இன்னொரு கணமும் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுசாகும்.

ஐ.பி.எஸ்.சி. என்ற நடைமுறைச் சுடும் போட்டியின் புரொடக்‌ஷன் பிரிவில், டீகாக் பொத்தான் (சுத்தியலைப் பத்திரமாக இறக்குகிற பொத்தான்) இல்லாத துப்பாக்கியில் சுத்தியல் முழுக்கக் கீழே இருக்க வேண்டும், நடுவழியில் பிடித்து நிறுத்துகிற பாதிக் கொக்கியில் நின்றால் செல்லாது. 75 பி-யில் டீகாக் பொத்தான் கிடையாது. குண்டு அறைக்குள் இருக்க, விசையை இழுத்துக்கொண்டே சுத்தியலைக் கட்டைவிரலால் இறக்க வேண்டும். நடுவில் விசையை விட்டால் சுத்தியல் பாதிக் கொக்கியில் மாட்டும். விடாமல் முழுக்க இறக்கினால், அந்த இரண்டு விநாடி அடி ஊசியைத் தடுக்கிற பாதுகாப்புத் துண்டு தூக்கியே இருக்கிறது. தடுக்க எதுவும் இல்லை, கட்டைவிரலின் ரேகை மட்டும்தான். வியர்த்த கையோடு செய்யாதீர்கள், துடைத்துவிட்டு, இடக்கைக் கட்டைவிரலைச் சுத்தியலுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் முதலில் நுழைத்து, குழல் இலக்கு மண்மேட்டை விட்டு அசையாமல்.

சரி, இரண்டாவது குண்டு. முதல் குண்டு போனதும் விசையைப் பின்னாலேயே அழுத்தி வைத்து, முன்குறி இறங்கினதும் மெதுவாக விட்டு, விசை மறுபடி பிடிக்கிற ரீசெட் ‘கிளிக்’ கேள் என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அதனால்தான் இந்தக் குழப்பம். குறி இறங்குகிற நேரத்தில் விரல் விடுகிற வேலையில் இருக்கிறது, பிறகு அவசரமாக இழுக்கிறது, லேசான விசை அந்த அவசரத்தைத் தாங்காது. குழல் மேலே ஏறும்போதே விரலை விட்டுவிட வேண்டும். குறி இறங்கும்போது விரல் முட்டு இடத்தில் காத்துக்கொண்டிருக்கும், அழுத்துவது மட்டும்தான் மிச்சம். விரலின் எந்த இடம் விசையில் படுகிறது என்பதையும் இரண்டு இழுப்புக்கும் ஒன்றாக வையுங்கள். முதலுக்கு மூட்டுக்கோடு, இரண்டாவதுக்கு நுனிச் சதை என்று மாற்றினால் பிடியே நகரும்.

இதற்குக் குண்டு வேண்டாம். அறைக்குள் டம்மி, சுத்தியல் கீழே. நீள இழுப்பு, சுத்தியல் விழுந்தது. விரலை விடாமல் விசையைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்லைடை இழுத்து விடுங்கள். டம்மி வெளியே விழும், மேகஸினிலிருந்து அடுத்த டம்மி ஏறும். சுத்தியல் மேலே நிற்கும். இப்போது விரலை முன்னால் விடுங்கள், ரீசெட் எவ்வளவு குட்டையான தூரத்தில் வருகிறது என்று பாருங்கள், அங்கேயே நிறுத்தி அழுத்துங்கள். நீங்கள் தவறவிட்ட அந்த இரண்டு கிலோ இதுதான். சுத்தியல் மறுபடி கீழே வந்துவிட்டது, இறக்குகிற ஆபத்தான வேலை கிடையாது, அடுத்த நீள இழுப்புக்குத் தயார். ஒரு நாளைக்கு இப்படி முப்பது ஜோடி. ஸ்லைடை இழுக்கும்போது விரல் விசையை விட்டுவிட்டால் அந்த ஜோடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.