மறு: இன்டர்கல்ச்சுராலிட்டி – தமிழில் என்ன சொல்லலாம்?

> "பல்பண்பாடு" என்று போட்டுவிட்டுப் போகலாமே. எதற்கு இன்னொரு சொல்?

அக்கா, மூல ஆவணங்களே இவற்றைப் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. யுனெஸ்கோவின் 2001 பிரகடனத்தில் பண்பாட்டுப் பல்வகைமை என்பது கண்முன் உள்ள நிலைமை. பன்மைத்துவம் என்பது அந்த நிலைமைக்கேற்ப வகுக்கும் கொள்கை. அதே யுனெஸ்கோவின் 2005 சமவாயத்தில் (நாடுகள் ஏற்றுக்கொள்ளும் உடன்படிக்கை) மூன்றாவதாக இன்டர்கல்ச்சுராலிட்டி வருகிறது. பல பண்பாடுகள் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று நியாயமான முறையில் பழகுகின்றன, அந்தப் பழக்கத்திலிருந்து பொதுவான வெளிப்பாடுகள் பிறக்கலாம். இந்த மூன்றாவதுக்குத்தான் எங்கள் கையேட்டுக்காகச் சொல் தேடுகிறேன்.

எங்கள் கொழும்பில் பல்வகைமை என்றால் பெரும்பாலும் தலைக்கணக்குதான். குடிசன மதிப்பீட்டுப் படிவம் மாதிரி சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், பறங்கியர் என்று கட்டம் போடுவோம். நான்கு மதத் தலைவர்கள் சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றினால் விழா முடிந்தது. சரி, வட்டிலப்பம் என்ற இனிப்பை எந்தக் கட்டத்தில் போடுவது? மலாயரோடு வந்த பண்டம் என்பார்கள், பெயரோ தமிழ், இனிப்புக்குக் கித்துள் கருப்பட்டி, பெருநாளன்று அது இல்லாத முஸ்லிம் வீடு அரிது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகும் சைவர்களையும் அந்தப் படிவம் காட்டாது. நாம் சாப்பிடும் பாண் (ரொட்டி) போர்த்துக்கேயர் தந்த சொல், லாச்சியும் (மேசை இழுப்பறை) கந்தோரும் (அலுவலகம்) ஒல்லாந்தர் தந்தவை. "கலாசாரச் சீரழிவு" என்று மேடையில் முழங்குகிறவரும் காலையில் பாணும் சம்பலும்தான் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்.

இதுவரை வந்த பரிந்துரைகளில் "இடைப்பண்பாடு" எனக்கு ஒட்டவில்லை. இடைக்காலம், இடைநிலை வரிசையில் அதுவும் ஏதோ நடுக்கட்டம் போலக் கேட்கிறது. "ஊடுபண்பாடு" அழகான சொல், ஊடுபயிரை வைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் போர்க்காலச் செய்திகள் கேட்டு வளர்ந்த காதுக்கு "ஊடு" என்றதுமே ஊடுருவல்தான் வரும். இலங்கையில் அது தேறாது.

என் முன்மொழிவு: பண்பாட்டுக் கொள்கொடை. கொள்வினை கொடுப்பினை என்று சம்பந்தம் செய்யும் வீடுகளுக்கிடையே சொல்கிறோமே, அதன் சுருக்கம். இரண்டு திசையும் உள்ளே இருக்கிறது.

— கொட்டாஞ்சேனையிலிருந்து

* * *

தம்பி, சொல் இனிக்கிறது. ஆனால் இரண்டு தடங்கல்.

ஒன்று, பெயரடை. "இன்டர்கல்ச்சுரல் டயலாக்" வந்தால் "பண்பாட்டுக் கொள்கொடை உரையாடல்" என்றா எழுதுவீர்? நாக்கு சுளுக்கிவிடும்.

மற்றது, கொழும்பில் கொள்கொடை எங்கே சமமாக நடக்கிறது? வெள்ளவத்தையில் வளர்கிற தமிழ்ப் பிள்ளை பஸ்ஸிலும் சந்தையிலும் சிங்களம் பழகிவிடும். அடுத்த வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கு அந்த அளவு தமிழ் வருகிறதா? சமவாயத்தில் நியாயம் என்ற நிபந்தனை இருக்கிறது. உம்முடைய சொல்லில் அது இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பண்பாடு" என்றாலே நம்மவர்களுக்கு நல்லொழுக்கம்தான். பண்பாடில்லாதவன் என்று ஏசுகிறோம். யுனெஸ்கோ சொல்வது வாழும் முறை, விழுமியம், நம்பிக்கை எல்லாவற்றையும் சேர்த்து. அதனால் அடிச்சொல்லையே மாற்றலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் விட்டுவிட்டேன்: கலாசாரத்துக்கும் இதே வியாதி.

— வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற ஆசிரியை

* * *

டீச்சர், பெயரடைக்குப் "பண்பாட்டிடை" என்று வைத்துக்கொள்ளலாம்: பண்பாட்டிடை உரையாடல், பண்பாட்டிடைக் கல்வி. பெயர்ச்சொல்லுக்குக் கொள்கொடை. ஒரே வேரிலிருந்து இரண்டும் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எதுவும் நகராது.

சமன் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் அதை வரைவிலக்கணத்தில்தான் எழுத வேண்டும், சொல்லுக்குள் திணிக்க முடியாது. "திருமணம்" என்ற சொல்லில் சம்மதம் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. கொள்கொடை என்று பெயர் வைத்தால் ஒரு வசதியும் உண்டு: ஒரு பக்கம் கொள்வதோடு நின்றுவிட்டால் மறுபக்கம் எங்கே என்று கேட்க இடமிருக்கிறது. வெறுமனே "ஊடாட்டம்" என்று பெயர் வைத்தால் அந்தக் கேள்வியே எழாது.

வேறு மறுப்பு வராவிட்டால் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் கையேட்டில் இவ்விரண்டையும் போட்டுவிடுகிறேன். "கல்ச்சுரல் அப்ரோப்ரியேஷன்" (பிறர் பண்பாட்டுக் கூறுகளைத் தமதாக எடுத்துக்கொள்வது) 14ஆம் பக்கத்தில் வருகிறது, அதற்குத் தனி மடல் போடுகிறேன். "கவர்வு" என்று யாரோ முன்பு எழுதிய நினைவு. கிடைத்தால் அனுப்புங்கள்.

— கொட்டாஞ்சேனையிலிருந்து