ரோமாபுரியின் ‘மூன்றாம் நாள் காய்ச்சல்’ நம்மூர் மலேரியாதானா?

பெரம்பூர்வாசி:
ரோமானிய மருத்துவ நூலாசிரியர் கெல்சுஸ் காய்ச்சலை மூன்றாம் நாள், நான்காம் நாள், அரை மூன்றாம் நாள் என்று பிரிக்கிறார். மலேரியா 48 மணிக்கு ஒருமுறை என்றால் ‘இரண்டாம் நாள்’ என்றல்லவா இருக்கணும்? அந்த ‘அரை’ என்ன கணக்கு?

ராயபுரம் லேப்:
பதினாறாம் நாள் காரியத்துக்கு எண்ணுகிற மாதிரி, முதல் நாளையும் சேர்த்து எண்ணுங்க. திங்கள் ஜுரம், செவ்வாய் இல்லை, புதன் மறுபடி. புதன் மூன்றாம் நாள். நான்காம் நாள் என்றால் திங்கள், வியாழன், 72 மணி. ஒட்டுண்ணி உள்ளே பெருகி, சிவப்பணுக்கள் மொத்தமாக வெடிக்கும்போதுதான் குளிர் நடுக்கம். ஒட்டுண்ணி வகைகளில் வைவாக்ஸுக்கு அந்தச் சுற்று 48 மணி, மலேரியேவுக்கு 72.

‘அரை’தான் ஆள்கொல்லி. 48 மணியில் ஏறக்குறைய 36 மணி காய்ச்சல். மிச்ச நேரத்திலும் முழுசாக விடாது என்கிறார் கெல்சுஸ். ஃபால்சிபாரம் என்கிற இன்னொரு வகை ஒட்டுண்ணியின் லட்சணம் அதேதான். அணுக்கள் முன்பின்னாக வெடிப்பதால் ஒரு உச்சம் இறங்குமுன் அடுத்தது ஏறிவிடும்.

சுவடிப்பித்தன்:
மருந்து என்று பார்த்தால் பரிதாபம். மலேரியாவுக்கு மருந்தான சின்கோனா மரப்பட்டை ஐரோப்பாவுக்குப் போனதே 17-ஆம் நூற்றாண்டில். அரை மூன்றாம் நாளுக்கென்றே செரேனுஸ் என்ற ரோமானியர் ஒரு தாயத்து சொல்கிறார்: ‘அப்ரகடப்ரா’ என்று எழுதி, ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒற்றை எழுத்து நிற்க, லினன் நூலில் கழுத்தில் கட்டணும். லத்தீனில் 11 வரி வரும். (தமிழில் ஏழே வரி, மை மிச்சம்.) சாதாரண மூன்றாம் நாள் ஜுரத்துக்குக் கட்டியிருந்தாலாவது மறுநாள் தானாக விட்டு, தாயத்துக்குப் பேர் கிடைத்திருக்கும். இதில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

பெரம்பூர்வாசி:
கொசு மேல் யாருக்குமே சந்தேகம் வரலையா?

ராயபுரம் லேப்:
சதுப்பு மேல் வந்தது. கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் அங்கே வளர்ந்து, காற்றில் வந்து வாய், மூக்கு வழியாக உள்ளே போகும் என்று பொ.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் வார்ரோ எழுதிவிட்டார். இடம் சரி, வழிதான் தப்பு. கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியை டாக்டர் ரொனால்ட் ராஸ் பார்த்தது 1897-ல், செகந்திராபாத்தில்.

ஆனால் வார்ரோ பேச்சைக் கேட்டு பள்ளிக்கரணைச் சதுப்புப் பக்கம் வீடு வேண்டாம் என்று சென்னையில் ஒதுங்கினால் பிரயோஜனமில்லை. இங்கே மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி கொசு முட்டையிடுவது கிணற்றிலும் மொட்டைமாடி டேங்கிலும், நல்ல தண்ணீரில். மூடி விரிசல் விட்டிருந்தால் அதுக்கு அதுவே போதும்.