கடல் ரோந்து முதலில் யாரைப் பிடிக்க வேண்டும்?

கடியப்பட்டணம் வள்ளம்:
கன்னியாகுமரி மாவட்டத்தின் அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரவில் கரைப்பக்கம் வந்து மடி (கடலடியை அரித்து இழுக்கும் பை வலை) இழுக்கும் விசைப்படகுகளைத்தான் மீன்துறை முதலில் பிடிக்க வேண்டும். விரித்த வலையை அறுத்துவிட்டுப் போகிறார்கள், நஷ்டம் வள்ளக்காரனுக்கு, அதாவது நாட்டுப்படகுக்காரனுக்கு. கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கு என்று 1983 சட்டத்தின்படி விதி இருக்கிறது. விசைப்படகுகளில் பொருத்தும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டரை, அதாவது படகு நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே கரைக்குச் சொல்லும் கருவியை, பார்த்தால் எந்தப் படகு எங்கே நின்றது என்று தெரியும். அதை வைத்தே அபராதம் போடட்டும், ரோந்து டீசலாவது மிச்சமாகும்.

தூத்தூர் தூண்டில்:
அண்ணே, டிரான்ஸ்பாண்டரை மட்டும் தொடாதீர்கள். 2017 ஒக்கியில் ஆழ்கடலில் நின்ற எங்கள் ஆட்களுக்குப் புயல் செய்தியே போய்ச் சேரவில்லை. எத்தனை வீடு இருண்டது என்று உங்களுக்கும் தெரியும். அது ஆபத்தில் கூப்பிட வைத்த கருவி. அபராதம் என்றால் மறுநாளே அணைத்துவிடுவார்கள். அப்புறம் புயலில் யாரைத் தேடுவீர்கள்?

கடியப்பட்டணம் வள்ளம்:
தூண்டில்காரர் கரைப்பக்கம் வருவதே இல்லையே தம்பி, உங்களுக்கு என்ன பயம்? இந்தியப் பெருங்கடலில் அந்நியத் தீவான டீகோ கார்சியா பக்கம் போய்ப் பிடிபட்ட படகுகள் எந்த ஊர்ப் படகுகள் என்று நான் சொல்ல வேண்டுமா?

தூத்தூர் தூண்டில்:
மீன் போகும் இடத்துக்குப் படகும் போகும். எல்லை தாண்டியவனுக்கும் உயிர் ஒன்றுதானே?

சின்னமுட்டம் விசை:
இரண்டு பேரும் மீன்பிடித் தடைக்காலத்தை மறந்துவிட்டீர்கள். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் படகுகள் கட்டிக் கிடக்கும். அதே மாவட்டம்தான், ஆனால் குளச்சல், முட்டம் படகுகளுக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் முழுக்க அவர்கள் கிழக்கே வந்து இழுத்தால் கேட்க ஆளில்லை. முதலில் அங்கே ஒரு ரோந்துப் படகு நிற்கட்டும்.

கடியப்பட்டணம் வள்ளம்:
ஜூன் 15 பிறந்ததும் நீங்கள் மேற்கே வருவதையும் அதே ரோந்துப் படகு பார்க்குமா?

சின்னமுட்டம் விசை:
பார்க்கட்டும். இரண்டு பக்கமும் பார்க்கட்டும்.

தூத்தூர் தூண்டில்:
கடலில் துரத்துவதைவிட இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலையைத் துறைமுகத்திலேயே பறிமுதல் செய்வது சுலபம். தடை செய்த வலை படகில் ஏறுவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படிதானே நடக்கிறது? அதை எழுதுங்கள், கையெழுத்து போடுகிறேன். டிரான்ஸ்பாண்டரை வைத்து அபராதம் என்ற வாக்கியம் மனுவில் இருந்தால் போட மாட்டேன்.

கடியப்பட்டணம் வள்ளம்:
இரட்டைமடியையும் சேர்க்கிறேன். அந்த வாக்கியத்தை எடுக்க மாட்டேன்.